சொல்லும் வழக்கும்: காக்காய்க் கடி

பாடப் புத்தகத்தில் பயிலாமல் பள்ளி வாயிலிலே பயின்ற சொற்கள் நம்மிடம் பல உண்டு. அவற்றுள் ஒன்று ‘காக்காய்க் கடி’. இத்திங்கள் அதனைச் சிறிது ஆராய்வோம்.

தின்பண்டம் ஒன்று, தின்ன விரும்புவோர் இருவர். பண்டமோ கையால் பிட்க முடியாதது, கத்தியும் இல்லை. அதனைச் சட்டை ஓரத்தாலோ பாவாடை நுனியாலோ மூடி, துணியின்மேற் பல்லை வைத்துக் கடித்தால், துண்டு துணிக்குள்ளேயே உடையும். வாய்நீர் துணியோடு நின்றுவிடும். இதுவே காக்காய்க் கடி. கடலை மிட்டாய், கமர்கட்டு, மாங்காய், கொய்யா ஆகியவற்றிற்கே இது பொருந்தும். இட்டிலியையும் இலட்டுவையும் எவரும் இவ்வாறு பகிர்வதில்லை. அவற்றைப் பிட்டாலே போதும்.

‘பங்கு கொடு’ என்பது உரிமைக் குரல். ‘கூறு போடு’ என்பது மீன் சந்தைக் கணக்கு. ‘காக்காய்க் கடி கடித்துத் தா’ என்பதோ தோழமையின் வேண்டுகோள்.

காகம் கிடைத்த இரையை மறைக்காது இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் என்பதனை வள்ளுவரும் எடுத்துக் காட்டியுள்ளார். பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவதும் அதுவே. எனினும், பல்லில்லாப் பறவையின் பெயரால் பல்லின் தொழில் வழங்குவது வேடிக்கைதான்!

இச்சொல்லின் உயிர் துணியில் உள்ளது. எச்சிற்பண்டம் பிறர்க்கு ஆகாது என்பது வீட்டு விதி. அவ்விதியோடு சாதி வேற்றுமையும் ஒட்டிக்கொண்டு, இன்னார் கைப்பண்டம் ஆகாதென்று சிறுவரைப் பிரித்ததும் உண்டு. சிறுவர் விதியோடு வாதாடவில்லை, இடையே ஒரு துணியை இட்டனர், பண்டம் கைமாறிவிட்டது. அளவுகோலும் அங்கில்லை. கடிப்பவன் பல் உடைத்ததே பங்கு. பெறுபவனுக்கு நம்பிக்கையே தராசு.

நிற்க. நம் தீவுகளில் இச்சொல்லின் நிலை யாது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேரளவு. இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்தோரும், பர்மாவிலிருந்து மீண்டோரும், 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்திலே குடியமர்ந்தோரும் தத்தம் ஊர்ச் சொற்களையும் உடன் கொணர்ந்தனர். பள்ளியிலும் கடைத்தெருவிலும் பொதுமொழியோ இந்தி.

இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் சாளரத்தருகே அமர்ந்திருப்பவன் நான். வரிசையிலே பெற்றோருடன் நிற்கும் நம் குழந்தைகள் மிட்டாயைத் துணியில் வைத்துக் கடிப்பதை இன்றும் காண்கிறேன். ஆனால் வாயில் வருவது ‘பாண்ட் லோ’. செயல் நம்முடையதாகவே நிற்க, பெயர் மட்டும் நழுவிவிட்டது. ‘பாண்ட் லோ’ என்பதும் பகிர்ந்துகொள் என்னும் நற்பொருளுடையதே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அது நிலத்திற்கும் பணத்திற்கும் மிட்டாய்க்கும் பொதுவான சொல். துணியும் பல்லும் நம்பிக்கையும் அதனுள் இல்லை.

பெற்றோர் இதற்கென வகுப்பு நடத்த வேண்டா. ஊரிலிருந்து கோவிற்பட்டிக் கடலை மிட்டாய் வரும்பொழுது, முதற்கடியைத் தாமே கடித்து, அதன் பெயரையும் வாய்விட்டுச் சொன்னாற் போதும்.

தங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் வழங்குமாயின் அன்பர்கள் எழுதி அனுப்புக. அடுத்த திங்கள் இப்பகுதியில் அவற்றைக் காண்போம்.