அரிசிக்கு நிபந்தனை வேண்டாம். ராணுவ உதவிக்கு வேண்டும்

2022இல் இலங்கையின் கஜானா காலியாகி, சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என்று தமிழக அரசும் அறிவித்து, மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. இலங்கைப் போரின் முடிவில் கொல்லப்பட்ட தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவு நாள் அது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்துத் தர வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்களே. பசித்தவரிடம் நிபந்தனை பேசுவது பாவம்.

ஆனால், அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இலங்கைக் கடற்படைக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானம் ஒன்றையும் கொடுத்தோம். மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்பின் பதிமூன்றாவது திருத்தத்தை நிறைவேற்றுவதில் போதிய முன்னேற்றம் இல்லை என்று செப்டம்பரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் குறைபட்டுக்கொண்டோம். அக்டோபரில் அங்கேயே இலங்கை மீதான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஒதுங்கி நின்றோம். 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. இவற்றில் எதற்காவது பதிலாக என்ன கேட்டுப் பெற்றோம்?

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. யாழ்ப்பாணத்தின் செம்மணி மனிதப் புதைகுழியில் 2025இல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றோடு ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 முதல் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பலர், பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள்.

இங்கே தேனி மாவட்டத்தின் கோம்பையிலும் தேவாரத்திலும் விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது. டெல்லி கொடுக்கும் உதவியில் அவர்கள் பணமும் சேர்ந்திருக்கிறது. அது யார் கைக்கு, எதற்காகப் போகிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

நிபந்தனை போட்டால் இலங்கை சீனாவிடம் போய்விடும் என்கிறார்கள். நிபந்தனை எதுவும் போடாத காலத்தில்தான் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. நிபந்தனை பலிக்காது என்பதும் சரியல்ல. மனித உரிமை நிபந்தனைகளைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியபோது ராஜபக்ச அரசு அசைந்து கொடுக்கவில்லை. அடி விழுந்தது ஆடைத் தொழிலுக்குத்தான். அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. ஆனால், 2017இல் திரும்பக் கிடைத்த அதே சலுகையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2021இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்ட பிறகு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2022 மார்ச்சில் கொழும்பு திருத்தம் கொண்டுவந்தது. அரைகுறைத் திருத்தம்தான். என்றாலும், நாற்பது ஆண்டுகளாக நீடித்த சட்டம் அசைந்தது.

இது இந்தியாவுக்குப் புதிய வழக்கமும் அல்ல. நிறவெறியை எதிர்த்து 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்திய நாடு இது.

ஆகவே அரிசி, மருந்து, வீடு ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். ராணுவப் பயிற்சி, கடற்படைத் தளவாடம், அரசுக்கு நேரடியாகத் தரும் கடன் ஆகியவற்றுக்கு மாகாண சபைத் தேர்தல், பயங்கரவாதத் தடைச் சட்ட ரத்து, சர்வதேசக் கண்காணிப்புடன் செம்மணி விசாரணை என்ற மூன்றையும் எழுத்துபூர்வமான நிபந்தனைகளாக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அடுத்த முறை நாடாளுமன்றத்துக்கு வரும்போது, தேனி உட்பட தமிழகத்தின் 39 தொகுதிகளின் உறுப்பினர்களும் கட்சி பாராமல் இதை வலியுறுத்த வேண்டும்.