மார்பக அறுவையில் தேர்வு யாருடையது?

களப்பணிக்காக ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அமர்ந்திருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளான ஒரு பெண்ணிடம், கட்டியை மட்டும் நீக்குவது, மார்பகத்தையே நீக்குவது என இரு வழிகளையும் மருத்துவர் விளக்கினார். அப்பெண் வாய் திறக்குமுன், முழுதும் எடுத்துவிடுங்கள் என்றார் கணவர். மனைவி தலையசைத்தார். முடிவு எழுதப்பட்டது.

அதிகம் அகற்றினால் அதிகப் பாதுகாப்பு என்னும் நம்பிக்கை பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறை, மார்பகத்துடன் மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றியது. அந்நம்பிக்கையைச் சோதித்தவர்களுள் முதன்மையானோர் இத்தாலியின் உம்பெர்த்தோ வெரொனேசியும் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும். 2002இல் வெளியான அவர்களது 20 ஆண்டு முடிவுகள் ஒன்றையே உணர்த்தின: தொடக்கநிலை நோயில், மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் மார்பகத்தை இழந்தவர்களுக்கும் உயிர்வாழும் காலத்தில் வேறுபாடில்லை. எனினும் கதிர்வீச்சு இன்றியமையாதது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு.

நம் நாட்டின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. கதிர்வீச்சுக் கருவிகள் பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளன. வாரக்கணக்கில் நாள்தோறும் வருவதற்குத் தங்குமிடமும், கூலி இழப்பைத் தாங்கும் வலுவும் வேண்டும். அவை இல்லாதவருக்கு மார்பக நீக்கமே ஆலோசனையாகிவிடுகிறது. கட்டி மிகப் பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் நீக்கமே சரியான சிகிச்சையாகலாம். தெளிந்தபின் ஒரு பெண் அதையே விரும்பவும் கூடும். பெரிய கட்டியுள்ள சிலருக்கு, முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கி மார்பகத்தைக் காக்கவும் முடிகிறது. ஆனால் பயணச் செலவு ஒருபோதும் மருத்துவக் காரணம் ஆகாது.

ஐந்து வாரக் கதிர்வீச்சை மூன்று வாரமாகச் சுருக்கும் முறை இன்று நிலைபெற்றுவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளாக அளிப்பதும் அதற்கு ஈடானதே என்று, 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றின் ஐந்தாண்டு முடிவுகள் காட்டின. இக்குறுகிய முறை நம் நாட்டிற்கே மிகவும் தேவை. மாவட்டத் தலைநகரங்களில் கருவிகளும் நோயாளிகள் தங்க இடமும் அமைந்தால்தான் தேர்வு என்னும் சொல்லுக்குப் பொருளுண்டு.

அத்துடன், பெண்ணிடம் தனியே, அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். முடிவெடுக்கச் சில நாள் தர வேண்டும். சில நாள் சிந்திப்பதால் சிகிச்சை கெட்டுவிடாது. அன்று அப்பெண்ணின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. குறிப்பேட்டுடன் அருகிலிருந்த நானும் கேட்கவில்லை. மருத்துவம் பயிலும் நண்பர்களே, அடுத்த நோயாளியிடம் நீங்கள் கேளுங்கள்.