செஞ்சோற்றுக் கடனின் மறுபக்கம்

செஞ்சோற்றுக் கடன் என்னுஞ் சொல் நம் மாணவருக்குப் புதியதன்று. துரியோதனன் இட்ட சோற்றுக்காக உடன்பிறந்தாரையே எதிர்த்து நின்ற கர்ணனையும், அண்ணன் செய்தது பிழையென அறிந்தும் அவனுக்காகவே களம்புகுந்து மடிந்த கும்பகருணனையும் நாம் வகுப்பறையிற் போற்றிப் படிப்பிக்கிறோம். ஆயின், கடன் என்று ஒன்றிருந்தால் அதற்கு இரு தரப்பும் உண்டு. உண்டவன் பட்ட கடனை வியந்து பாடிய அளவுக்கு, அவன் உயிரைப் பெற்றுக்கொண்டவன் பட்ட கடனைப் பற்றி உலகம் உரத்துப் பேசியதில்லை. படைக்குச் செல்லும் இளைஞன் எதைப் பெறுகிறான்? அவனைப் படைக்கு எடுத்தவர் அவனுக்கு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்? இவ்வினாக்களை ஆராய்வதற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிறநாட்டுப் படைகளுக்குத் தம் மக்களை அனுப்பிவந்த நேபாளத்து மலைக்கிராமங்களைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை.

1814 ஆம் ஆண்டு தொடங்கி 1816 வரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி நேபாளத்தோடு போரிட்டது. எதிரியின் தீரத்தைக் கண்ட கம்பனியார் அவ்வெதிரியையே தம் படையிற் சேர்த்துக்கொள்ள விரும்பினர். போர் முற்றாக ஓயுமுன்பே, 1815 இல், கூர்க்கா அணிகள் தோன்றிவிட்டன. அக்காலத்தில் வேறு சிலர் லாகூருக்குச் சென்று இரஞ்சித் சிங்கின் படையிலும் சேர்ந்தனர். அதனால் அந்நாட்டு மொழியிற் பட்டாளத்துக்குப் போனவனுக்கு ‘லாகுரே’ என்று பெயர் ஏற்பட்டது. ஊரின் பெயர் தொழிலின் பெயராயிற்று. இன்று பிழைப்புக்காகக் கடல்கடந்து போகும் எவனுக்கும் அப்பெயர் வழங்குகின்றது. ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றையே சுமக்கும் சொல் அது. முதலாம் உலகப் போரிற் சுமார் 200,000 பேரும், இரண்டாம் உலகப் போரிற் சுமார் 250,000 பேரும் இவ்வாறு பிரித்தானியாவுக்காகப் பணிபுரிந்தனர்.

அவர்கள் ஏன் போயினர்? குருங், மகர், ராய், லிம்பு ஆகிய சமூகத்தாரின் சிறு நிலங்கள் மலைச்சரிவிற் படிபடியாக வெட்டப்பட்டவை. குடும்பம் பெருக, பங்கு சுருங்கும். 1951 இல் ராணாக்களின் ஆட்சி வீழ்ந்த காலத்தில் அந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. அத்தகைய நாட்டிற் பட்டாளம் சம்பளத்தைத் தந்தது, எழுத்தைத் தந்தது, உலகத்தைக் காட்டியது. திரும்பி வந்தவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினான். தரானும் பொக்காராவும் நகரங்களாக வளர்ந்ததில் இளைப்பாறிய படைவீரரின் பணத்துக்குப் பங்குண்டு. இவற்றையெல்லாம் மறந்து, ‘கூலிக்கு மாரடிப்போர்’ என்று அவர்களை இகழ்வது பசியறியாதார் பேச்சாகும். பிரித்தானியப் படைக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படும் சில நூறு இடங்களுக்கு இன்றும் பல்லாயிரம் இளைஞர் போட்டியிடுகின்றனர். மணல் நிறைந்த ‘டோக்கோ’ கூடையின் பட்டையை நெற்றியிலே தாங்கி, சுமார் 5 கிலோமீற்றர் மலையேற்றத்தை ஓடிக் கடக்கவேண்டுமென்பது தேர்வுகளுள் ஒன்று. அதற்குப் பயிற்சி கொடுக்கக் கட்டணம் வாங்கும் நிலையங்களும் அங்கே உண்டு. இத்துணை முயன்று பெறும் உத்தியோகத்தை இழிவென்று சொல்ல யாருக்கு உரிமை?

எனவே, நம் குற்றச்சாட்டு போனவன்மீது அன்று, கொடுத்தவனின் அளவுகோல்மீதே. 1947 இல் இந்தியா, பிரித்தானியா, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே ஏற்பட்ட ஒப்பந்தப்படி, பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளுள் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் பிரிக்கப்பட்டன. பிரித்தானியப் பங்கிற் சேர்ந்த கூர்க்காவின் அடிப்படைச் சம்பளமும் இளைப்பாற்றுச் சம்பளமும் இந்தியப் படையின் விகிதத்தோடு கட்டப்பட்டன. பக்கத்திலே நின்று சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்க்கு ஓரளவு, இவனுக்கு வேறளவு. அன்றியும், இளைப்பாற்றுச் சம்பளம் பெறப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். உலகப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டோரும், 1966 இல் போர்ணியோச் சண்டை ஓய்ந்தபின் ஆட்குறைப்புக்கு உள்ளானோரும் அவ்வெல்லையை எட்டாமலே திரும்பினர். முதுமையில் வறுமையுற்ற அவர்களுக்கு உதவ 1969 இல் ஒரு கூர்க்கா நலநிதியம் தோன்றியது. நற்பணியே, மறுக்கவில்லை. ஆனாற் கடனாக வந்திருக்கவேண்டியது தருமமாக வந்தது என்பதை மறக்கலாகாது.

பிரித்தானிய அரசாங்கத்தின் வாதத்தையும் கேட்போம். கூர்க்கா முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதிலேயே விலகி, உடனே ஓய்வூதியம் பெறுகிறான். ஆங்கிலேயச் சிப்பாயோ பெரும்பாலும் அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டும். மேலும், நேபாளத்தில் வாழ்க்கைச் செலவு குறைவு என்பர். இவ்வாதம் முற்றும் பொய்யன்று. 2016 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் கூர்க்காக்களின் முறையீட்டை ஏற்கவில்லை. ஆயினும், 1997 இல் ஹொங்கொங் கைமாறிப் படைத்தளம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தபின் அந்த அளவுகோல் அரசாங்கத்துக்கே பொருந்தாமற் போயிற்று. 2007 இல் பணியிலிருந்தோரும், 1997 யூலை 1 க்குப் பின் இளைப்பாறியோரும் பிரித்தானியத் திட்டத்துக்கு மாற இடமளிக்கப்பட்டது. அத்திகதிக்கு முந்திய சேவையோ பெரும்பாலோருக்கு முழு மதிப்பில் எண்ணப்படவில்லை. அதற்கு முன்னரே இளைப்பாறியோர் பழைய திட்டத்திலேயே விடப்பட்டனர். அவர்களுள் நான்காண்டுச் சேவையேனும் உள்ளோர்க்கு இங்கிலாந்திற் குடியேறும் உரிமையும் 2009 இலேதான் கிடைத்தது. அதற்கும் நடிகை ஜொவானா லம்லி முன்னின்ற கிளர்ச்சியும், பாராளுமன்ற வாக்கெடுப்பில் அரசாங்கத்தின் தோல்வியும் வேண்டியிருந்தன. 2021 ஓகஸ்ட் மாதத்திலும் முதிய வீரர்கள் இலண்டனிற் பிரதமரின் வாசலுக்கு எதிரே உண்ணாவிரதமிருந்தனர்.

இலக்கிய அன்பர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கூர்க்காக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த மிகப் புகழ்பெற்ற பாராட்டு, 1931 இல் வெளிவந்த ஒரு நேபாள மொழி அகராதியின் முகவுரையில் உள்ளது. முதலாம் உலகப் போரில் அவர்களோடு பணியாற்றிய மொழியறிஞர் றால்ஃப் ரேணர் எழுதியது. 1997 இல் இலண்டனில் எழுப்பப்பட்ட கூர்க்கா நினைவுச் சிலையிலும் அவ்வுரையின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. முகவுரையிலே போற்றப்படும் குணங்களுள் ஒன்று, பசியையும் புண்ணையும் முறையிடாமற் பொறுத்தமை. அறிஞர் நன்றியோடுதான் எழுதினார். எனினும், அவர்தம் வீரத்தைப் புகழ்ந்து கல்லில் வெட்டிய தேசத்தின் தலைநகரிலேயே அவ்வீரர்கள் வீதியில் நின்று முறையிட நேர்ந்தது. நடுகல்லை நாட்டுவது எளிது. வயிற்றுக்கு வழிசெய்வதே செலவு.

இது பிரித்தானியாவின் கதை மட்டுமன்று. 2022 இல் இந்தியா ‘அக்கினிபத்’ திட்டத்தைக் கொணர்ந்தது. சேரும் இளைஞருள் நான்காண்டின்பின் நாலில் ஒரு பங்கினர்வரையே நிலைபெறுவர். ஏனையோர் ஒரு தொகைப் பணத்தோடு, இளைப்பாற்றுச் சம்பளமின்றி வெளியேறுவர். இது 1947 ஒப்பந்தத்துக்கு இயையாதென நேபாளம் கருதியதால் அவ்வாண்டே அங்கு ஆட்சேர்ப்பு நின்றுபோயிற்று. அரசியலார் மானத்தைக் காத்தனர் எனலாம். மலைக்கிராமத்து இளைஞன் ஒரு வாயிலை இழந்தான். அடுத்த ஆண்டே நேபாள இளைஞர் பலர் இரஷ்யப் படையிற் சேர்ந்து உக்ரேன் களத்தில் மடிகின்ற செய்திகள் வந்தன. 2024 சனவரியில் நேபாளம் அந்நாடுகளுக்கு வேலை அனுமதி வழங்குவதை நிறுத்தியது. நம் இலங்கையிலிருந்தும் இளைப்பாறிய படையினர் பலர் தரகரின் ஆசைவார்த்தையை நம்பி அதே போருக்குச் சென்றதை 2024 இல் அறிந்தோம். ஒப்பந்தம் உள்ள இடத்தில் அளவு குறைந்தது. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் கேட்பதற்கு ஆளுமில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். கர்ணனைப் படிப்பியுங்கள், கும்பகருணனையும் படிப்பியுங்கள். அவர்களது நன்றியுணர்வு பெரிது. அதோடு, சீருடையின் மிடுக்கையும் மாதச் சம்பளத்தையும் காட்டி அழைப்பவரிடம் மாணவன் கேட்கவேண்டிய வினாக்களையும் சொல்லிக் கொடுங்கள். எத்தனை ஆண்டுச் சேவை? இடையில் அனுப்பிவிட்டால் என்ன கிடைக்கும்? அங்கவீனனானால் யார் பார்ப்பார்? இறந்தால் மனைவி மக்கள் கதி என்ன? இவ்வினாக்கள் கோழையின் வினாக்கள் அல்ல. உயிரைப் பணயமாக வைப்பவன் அதன் மதிப்பை அறிந்து வைக்கட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் பழமொழி. உயிரிட்டவரை நினைக்கவேண்டியது அரசின் கடன். அக்கடன் தீரும்வரை வீரத்தைப் புகழ்வதில் நாவை அடக்கிக்கொள்வதே நாணயம்.