பண்ணை வீடு கட்டப் போறீங்களா? ஒரு மழைக்காலம் பொறுங்க!

எங்கள் தோட்டத்துக்கு மேற்கே நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தை நகரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். பதினஞ்சே நாளில் ஜேசிபி வந்துவிட்டது. வரப்பு, வேலியோரக் கிளுவை, மூணு வெள்வேல மரம் எல்லாம் போச்சு. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. சுற்றிலும் புல்தரை. "இயற்கையோட வாழ வந்திருக்கோம் சார்" என்றார். அவர் நிரப்பின பள்ளம், மழைத்தண்ணீர் போகிற ஓடை. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் என் காட்டுக்குள் தேங்கி, பறிக்க வேண்டிய நிலக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைச்சுப் போச்சு.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வங்கியில் இருந்தபோது இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடன் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். வரைபடம், மதிப்பீடு, வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்போம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்கு இடமே கிடையாது.

நகரத்து ஆட்கள் நிலத்துக்கு வருவதை நான் எதிர்க்கவில்லை. வரட்டும். ஆனால், வீட்டுக்காக நிலத்தை மாற்றாமல், நிலத்தைப் பார்த்து வீட்டைக் கட்டட்டும். அதற்கு முதல் வேலை, ஒரு மழைக்காலம் சும்மா இருப்பது. தண்ணீர் எங்கே வருது, எங்கே நிக்குது, ஆடிக்காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். பிறகு, இருப்பதிலேயே விளைச்சல் இல்லாத கல்லாங்குத்து இடத்தில் வீட்டை வையுங்கள். நல்ல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதன் மேல் சிமெண்ட் கொட்டுவது பாவம்.

நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்த்து இருக்கட்டும். மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி வைத்தால் ஏசி தேடும். புங்கனும் வேம்பும் வைத்தால் நிழல் தரும். லாரி பேக்கர் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டை அவர் பரவலாக்கினார். அதில் கால்வாசிச் செங்கல் மிச்சம். அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டுவதும் அவர் வழிதான். அகலமான தாழ்வாரமும் திண்ணையும் நம்ம ஊர் பழைய வீடுகளிலேயே இருந்தவை. அதைப் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். 1,000 சதுர அடி கூரையில், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 83,000 லிட்டர் விழும். சிந்துவது, ஆவியாவது போக 65,000 லிட்டராவது சேமிக்கலாம். அதே 1,000 சதுர அடியில் புல்தரை போட்டு, கோடையில் தினம் 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் நாளைக்கு 460 லிட்டர் ஆகும். மூணு மாசத்தில் 41,000 லிட்டர். ஆடு, மாடு மேயாத அந்தப் புல்லுக்கு எதற்கு ஆழ்துளைக் கிணறு? குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் விடுங்கள். கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் தள்ளியிருக்கட்டும்.

போன மாசம் அந்த நண்பரும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. ஜேசிபி வாடகையை ஆளுக்குப் பாதி போட்டு ஓடையைத் திறந்துவிட்டோம். கரையில் வெள்வேலங்கன்று நட்டிருக்கிறார். பழைய மரம் அளவுக்கு அது வளர்வதை அவரோ நானோ பார்க்கப் போவதில்லை. அடுத்து வீடு கட்ட வருகிறவராவது ஒரு மழைக்காலம் பொறுக்கட்டும்.