சயாம் தண்டவாளமும் நம்மவர் பெயரும்

விடுமுறைக்குச் சயாம் போகும் தோழர்கள், காஞ்சனபுரிப் பாலத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது என்போம். நாம்தோக் வரை ரயில் இன்றும் ஓடுகிறது. ஆற்றோரம் வாம்போ மரப்பாலத்தில் ஊர்ந்தே செல்லும். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. சாலையில் சைக்கிள் மிதிக்கலாம். நரக நெருப்புக் கணவாய் என்று பெயர்பெற்ற கொன்யூ பாறைவெட்டில் நடந்துதான் ஆகவேண்டும். உளி அடித்த துளைகள் இன்னும் பாறையில் தெரிகின்றன.

415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் கொன்றவர் போக, மீண்டவர்தாம் வீடு கண்டனர். காஞ்சனபுரி மயானத்தில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. நம்மவருக்கு அப்படிக் கல் எங்கே?

அரைப்பேர் போட்டாலும் செக்ரோலில் எழுதிவைக்கும் கிராணிமார் நாம். திரும்பி வராதவர்களுக்கு மட்டும் ஏடு இல்லை! பேரப்பிள்ளைகளிடம் இன்னும் சில பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப்புத்தகம் போடட்டும்: பெயர், தோட்டம், போன ஆண்டு. சயாம் போகிறவர் அதைக் கொண்டுபோய் அந்தப் பாறைவெட்டில் நின்று உரக்கப் படிக்கட்டும்.