வாசல் கோழியும் விவசாயம்தான்! தடுப்பூசியை ஊருக்குக் கொண்டு வா!



நெல் விலைக்குப் போராடினோம். கரும்புப் பணம் கேட்டுப் போராடினோம். பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு எடுத்த நிலத்துக்கு நியாயமான இழப்பீடு கேட்டு வருசக்கணக்கா கோர்ட் படி ஏறி இறங்கின வட்டாரம் நம்ம ஜெயங்கொண்டம். இப்போ கோழிக்கும் நோட்டீஸ் போட்டுட்டாங்களான்னு சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க.

நம்ம பக்கம் பாதிக்கு மேல் மானாவாரி பூமி. முந்திரி வருசத்துக்கு ஒருமுறை. மக்காச்சோளமும் கடலையும் மழை கொடுத்தால் உண்டு. நடுவுல வர்ற மாசங்களில் பிள்ளைக்கு நோட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற, குழுக்கடன் தவணை கட்ட எது கைகொடுக்குது? ஆடும் கோழியும்தான். அந்தக் காசு வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிற காசு. சென்ட் நிலம்கூட இல்லாத கூலிக் குடும்பத்துக்கும் கோழி உண்டு. ஆனால் விவசாயம்னு கணக்கெடுக்கும்போது இதை யாரும் எழுதுறதில்லை.

நாட்டுக்கோழி ஒண்ணு வருசத்துக்கு 60லிருந்து 80 முட்டை இடும். அடைவச்சா 21 நாளில் குஞ்சு. 12 முட்டை வச்சால் பத்துக் குஞ்சு பொரிக்குதுன்னு வச்சுக்குவோம். நாலு மாசம் கழிச்சு வாசலில் மேயுறது எத்தனை? மூணு, நாலு. மீதி எங்கே போச்சு? அதுதான் இந்த நோட்டீஸின் கேள்வி. குஞ்சைக் கொண்டுபோற திருடன் மூணு பேர்.

முதல் திருடன் காக்கா, பருந்து, கீரி, பூனை. இதுக்கு நாமே காவல். முதல் ஒரு மாசம் குஞ்சுகளைப் பஞ்சாரத்தை விட்டு வெளியே விடாதீங்க. கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கீரி நுழையாதபடி கம்பிவலை அடிச்சு, பொழுது சாய்ஞ்சதும் அடைச்சிடணும். பேன், செள்ளு பிடிச்ச கோழி எடை ஏறாது, அடையிலும் உட்காராது. வாசலோரம் குழி வெட்டி மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வச்சால் அதுவே புரண்டு உதறிக்கும். கூண்டுக்கு வருசம் ரெண்டு தடவை சுண்ணாம்பு அடிங்க. வயலுக்கு வாங்கின பூச்சி மருந்தைக் கோழி மேல் தடவுறது, கூண்டில் தூவுறது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பேனோடு கோழியையும் கொன்னுடும்.

ரெண்டாவது திருடன் விஷம். எலிக்கு வச்ச மருந்தைக் கோழி கொத்துது. வயலில் போட்ட குருணை மருந்தைத் தானியம்னு நினைச்சுப் பொறுக்குது. பறவைகள் கூட்டங்கூட்டமாச் செத்ததால அமெரிக்காவில் கார்போபியூரான் குருணைக்கு 1990களிலேயே கடிவாளம் போட்டாங்க. நம்ம ஊரில் மக்காச்சோளத்துக்கு 2018ல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிப்பு கூடியிருக்கு. எந்த மருந்து, எத்தனை மில்லின்னு சொல்றது யார்? மருந்துக் கடைக்காரர்தான். வேளாண்மைத் துறை சொல்ல வேண்டியதை வியாபாரி சொல்றார்.

விஷம் கோழியோடு நிக்கிறதும் இல்லை. 2017ல் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடிச்ச விவசாயிகள் செத்துப்போனதை மறந்துட்டோமா? நம்மைப் போலவே முந்திரி விளையுற காசர்கோட்டில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிச்சு ஒரு தலைமுறையே முடங்கிப் போச்சு. உச்ச நீதிமன்றம் 2011ல் தடை போடுறதுக்குள்ள எத்தனை குடும்பம் நாசமாச்சு!

மருந்தே கூடாதுன்னு நாங்க சொல்ல வரலை. பயிர் போனால் கடன் யார் கட்டுறது? ஆனால் கை விஷத்துக்குப் போகும் முன்னாடி மத்த வழியைப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி. படைப்புழு மண்ணுக்குள்ளேதான் கூட்டுப்புழு ஆகுது. கோடை உழவு போட்டு, கோழிகளை ஓட்டிவிட்டால் கிளறித் தின்னு தீர்க்கும். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு பிறக்கிறது நம்ம எருக்குழியில். கோழி கிளறுற குழியில் அந்தப் புழு தங்காது. வேப்பங்கொட்டை பத்துக் கிலோ இடிச்சு ஊறவச்சு வடிகட்டினால் 200 லிட்டருக்கு அஞ்சு சதவீதக் கரைசல். எலிக்கு நம்ம டெல்டா கண்ட தஞ்சாவூர்க் கிட்டி இருக்கு, ஆந்தை உட்கார வயலில் குச்சி நடலாம். கரையானைக்கூட காசாக்கலாம். பழம்பானையில் கிழிஞ்ச சாக்கு, காய்ஞ்ச சாணம், ஓலை போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் நடமாடுற இடத்தில் ராத்திரி கவிழ்த்து வைங்க. விடிஞ்சால் குஞ்சுகளுக்குச் சத்தான தீனி.

இன்னொண்ணையும் மறைக்காமல் பேசணும். கோழி விதையைக் கிளறிட்டுதுன்னு அரிசியில் விஷம் கலந்து வரப்பில் வைக்கிற பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கு. அதில் சண்டை, சாதிப் பேச்சு, போலீஸ் ஸ்டேஷன். விதைச்சு முளைக்கிற வரை கோழியை அடைச்சு வைக்கிறது கோழிக்காரங்க கடமை. மருந்தடிக்கப் போறதை முதல் நாளே பக்கத்து வீட்டுக்குச் சொல்றது வயல்காரங்க கடமை. மீறினால் சங்கத்துக் கிளையில் உட்கார்ந்து பேசுவோம். விஷம் வைக்கிறவனுக்குச் சங்கம் ஒருபோதும் துணை நிக்காது.

மூணாவது திருடன்தான் பெரிய திருடன். வெள்ளைக் கழிச்சல்! ராணிக்கெட்னு ஆஸ்பத்திரியில் சொல்வாங்க. வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலி. வந்த பிறகு காப்பாத்துற மருந்து கிடையாது. ஆனால் தடுப்பூசி இருக்கு. நம்ம தமிழ்நாட்டு ராணிப்பேட்டையிலேயே அரசு நிறுவனம் தயாரிக்குது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி. அவ்வளவுதான் வேலை.

அப்புறம் ஏன் சாகுது? ஒரு குப்பியில் 100 கோழிக்கான மருந்து இருக்கு. கரைச்சுட்டால் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்கணும். ஐஸில் வச்சுத்தான் கொண்டு வரணும். பத்துக் கோழி வச்சிருக்கிற அம்மா தனியா என்ன செய்ய முடியும்? அதனால் ஊர் முழுக்க ஒரே நாளில் போடணும். அரசு வருசத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் முகாம் நடத்துது, நல்லதுதான். ஆனால் மார்ச்சில் பொரிச்ச குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை உயிரோடு காத்திருக்குமா?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழி மட்டும் 31 கோடிக்கு மேல். 2012ஐ விட 46 சதவீதம் கூடுதல். மொத்தக் கோழியில் தமிழ்நாடு முதலிடம். பெருமைதான்! ஆனால் பறவைக் காய்ச்சலுக்காக அரசு அழிக்கிற கோழிக்கு இழப்பீடு உண்டு, கழிச்சலில் செத்த எங்க கோழிக்கு ஒத்தை ரூபாய் உண்டா? 250 கோழி வச்சுப் பண்ணை போடுறவருக்குத் திட்டம் போட்டாங்க. பத்துக் கோழிக்காரி என்ன பாவம் செய்தாள்?

ஆகவே கேட்கிறோம்:

* மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊராட்சியிலும் கழிச்சல் தடுப்பூசி முகாம். கோழி கூண்டை விட்டு இறங்கும் முன் விடியற்காலையிலேயே ஆள் வரணும்.
* ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் ஒன்றியங்களின் கால்நடை மருந்தகங்களில் காலியிடம் எதுவும் விட்டுவைக்கக் கூடாது.
* ஊருக்கு ரெண்டு பெண்களுக்குத் தடுப்பூசி போடப் பயிற்சியும் ஐஸ் பெட்டியும் ஊதியமும்.
* நோயில் சாகும் புறக்கடைக் கோழிக்கும் இழப்பீடு.
* பூச்சி மருந்து ஆலோசனையைக் கடையிடம் விடாமல் வேளாண் அலுவலர் ஊருக்கு வந்து சொல்லணும்.

சங்கம் தன் பங்குக்குத் தெருவாரியா கோழிக் கணக்கு எடுக்குது. யார் வீட்டில் எத்தனை, எத்தனை செத்தது, எதனால் செத்ததுன்னு எழுதிக் கொடுங்க. அந்தக் கணக்கோடுதான் மனு கொடுக்கப் போறோம். கணக்கு இல்லாத மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

தாய்மார்களே! உங்க முந்தானையில் முடிஞ்ச காசுக்கான போராட்டம் இது. நீங்களே முன்னால் வந்து நில்லுங்கள்.

பத்துக் கோழிக்கும் பாதுகாப்புக் கொடு!
ஊர்தோறும் தடுப்பூசி போடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!