போட்டோ எடுத்த தேதி எங்கே இருக்கிறது?

சாக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலா திசையிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு போன். பந்தி முடிவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு படத்தைத் தேடினால், காலை வணக்கப் படங்களுக்கும் கேஸ் பில்லுக்கும் நடுவே அது எங்கோ கிடக்கும். பெரியவர் ஒருவர் காலமான அன்று, மாலை போட்டு வைக்க நல்ல படம் கிடைக்காமல் வீடே போனைத் துழாவுவது இப்போது சகஜமாகிவிட்டது.

சேர்ப்பதில் இந்த வட்டாரத்துக்காரர்கள் சளைத்தவர்கள் அல்ல. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் சுமார் 1 லட்சம். அவர் 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகமாக்கியது. பட்டியல் போட்டு அடுக்கியதால்தான் இன்று யார் போய்க் கேட்டாலும் வேண்டியதை எடுத்துக் கொடுக்க முடிகிறது. போனில் இருக்கும் போட்டோக்களுக்கும் இதே கதைதான். ஆனால் இங்கே பட்டியல் வேலையில் பாதியை போனே செய்துவைத்திருக்கிறது.

படத்துக்குள்ளே ஒரு சீட்டு

டிஜிட்டல் கேமராவோ போனோ, படம் எடுத்த நொடியிலேயே தேதி, நேரம், கேமராவின் பெயர் ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. 1995-ல் ஜப்பானில் உருவான இந்த முறைக்குப் பெயர் 'எக்ஸிஃப்'. பழைய போனிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றும்போது கோப்பின் 'உருவான தேதி' மாறிப்போகலாம். உள்ளே இருக்கும் 'எடுத்த தேதி' மாறாது. எனவே படங்களைப் பிரிக்கும்போது எடுத்த தேதியைத்தான் நம்ப வேண்டும்.

கூகுள் போட்டோஸ் இந்தத் தேதியைப் பார்த்துத்தான் படங்களை வரிசையாகக் காட்டுகிறது. ஆனால் அது தனித்தனி ஃபோல்டராகப் பிரித்துத் தராது. ஹார்டு டிஸ்க்கில் ஆண்டு வாரியாக அடுக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் 'எக்ஸிஃப்டூல்' உதவும். கனடாவின் ஃபில் ஹார்வி உருவாக்கியது. ஒரே ஒரு கட்டளை வரியில், ஆயிரக்கணக்கான படங்களையும் ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் திறந்து தானே போட்டுவிடும். கட்டளை அடிக்கத் தயங்குபவர்கள் 'டிஜிகாம்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கலாம், மொத்தமாகப் பெயரும் மாற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

* முதலில் எல்லாப் படங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். பிரிக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் உள்ளே இருந்த சீட்டு கிழிந்துபோகும். கோப்பின் பெயரில் தெரியும் 20240115 போன்ற எண், படம் எடுத்த தேதி அல்ல, உங்கள் போனுக்கு வந்த தேதி. முக்கியமான படங்களை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். தேதியும் தரமும் அப்படியே இருக்கும்.

* சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கிருந்து வந்தவர் கேமராவில் நேரத்தை மாற்றாமல் எடுத்திருந்தால், விடியற்காலை முகூர்த்தப் படங்கள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு போய் உட்காரும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எடுத்தது மறுநாள் கணக்கில் விழும். அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தனியே எடுத்து, இரண்டரை மணி நேரத்தை மொத்தமாகக் கழித்துவிட எக்ஸிஃப்டூலில் வசதி உண்டு.

* ஆனி மாதம் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. ஆகவே ஒரே திருவிழா இரண்டு மாத ஃபோல்டர்களில் சிதறலாம். மார்கழிக் கோலங்களோ இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும். இவற்றை மட்டும் கையால் ஒன்றுசேர்த்து, '2024-06 ஆனித் திருவிழா' என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். கம்ப்யூட்டர் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

* இரண்டு போன்களில் ஒரே பெயரில் படம் இருக்கலாம். கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் வரும்படி மாற்றிவிட்டால், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழியும் ஆபத்து குறையும்.

முகப்பில் தொங்கும் படங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தாலோ போனில் எடுத்தாலோ, உள்ளே இன்றைய தேதிதான் பதியும். 1950-களில் எடுத்த படம் இந்த ஆண்டு ஃபோல்டரில் போய் விழும். அதற்கு மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். "இது பெரியவன் பிறந்த வருஷம்", "இது ரங்கூனிலிருந்து அப்பச்சி வந்தப்ப எடுத்தது" என்று அவர் சொல்லும்போதே, தெரிந்த ஆண்டை எடுத்த தேதியாக மாற்றி, படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் குறிப்பாக எழுதிவிடுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் போதும்.

போன் படங்களைப் பிரிப்பதை அடுத்த மாதம்கூடச் செய்துகொள்ளலாம். ஆச்சியிடம் கேட்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.